வரவேற்பறைக் கடல்: சில மறுப்புகள்

'சின்னத் தொட்டியில் தொடங்குங்கள், கை பழகிய பின் பெரிதாக்கிக்கொள்ளலாம்.' பாறையும் பவளமும் மீனுமாக ஒரு சிறு கடலை வீட்டுக்குள் உண்டாக்கிப் பார்க்க ஆசைப்படும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். சொல்பவர் கடைக்காரராக இருக்கலாம், ஆறு மாத அனுபவம் உள்ள நண்பராக இருக்கலாம். யார் சொன்னாலும் தவறு என்பதே எங்கள் கட்சி.

இலக்கியம் பேசும் இடத்தில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கடலைப் பற்றி நம்மைப் போல் எழுதித் தள்ளியவர்கள் குறைவு. நெய்தல் என்று ஒரு திணையே வகுத்துக்கொண்டவர்கள் நாம். ஆனால் நம் கவிதைகளில் வரும் கடலில் அலை உண்டு, நீலம் உண்டு, பிரிவு உண்டு. ஒரு மீனுக்குப் பெயர் இருக்காது. 'பவளம்' என்று நாம் பாடிக்கொண்டிருப்பதுகூட நம் கடலின் பவளத்தை அன்று. சிவந்த இதழுக்கும் முருகனின் மேனிக்கும் உவமையான துகிர், மத்தியதரைக் கடலில் விளைந்து கப்பலேறி வந்த நகைப்பொருள். கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த 'பெரிப்ளஸ்', முசிறியில் இறக்குமதியான சரக்குகளில் பவளத்தையும் சேர்த்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தழைத்த பாறைகளோ வேறு இனம். கரையோர மக்கள் அவற்றைப் பார் என்றும் முருகைக்கல் என்றும் அழைத்தார்கள். நம் கவிதைக்குள் அந்தச் சொற்கள் அனேகமாக வரவே இல்லை. பெயர் தெரியாத பொருளை வாங்கி வந்து வரவேற்பறையில் வைக்கும்போது என்ன நேரும் என்பதை நாங்கள் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் நால்வர். மாதம் ஒருமுறை சென்னையில் எங்களில் ஒருவர் வீட்டில் கூடி வாசிப்பதுண்டு. அந்த அறைக்கென்று பங்கு போட்டு இரண்டடி நீளத் தொட்டி ஒன்றை வாங்கினோம். நீரை நிரப்பி மூன்று நாள் பம்பை ஓடவிட்டால் போதும், நான்காம் நாள் மீன் விடலாம் என்றார் விற்றவர். அவ்வாறே செய்தோம். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல மீன், கோமாளி மீனுக்குத் துணையாக ஒரு கடல் சாமந்தி, உட்கார வைக்கப் 'பாறை' என்று சொல்லி அவர் கட்டித் தந்த சில துண்டுகள். துண்டுகளின் மேல் நட்சத்திர வடிவில் நுண்ணிய குழிகள் இருந்தன. அழகாக இருக்கிறதே என்று வியந்தோம். அவை என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. எங்களில் இருவர் முதுகலைப் பட்டதாரிகள் என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறோம்.

ஏழாம் நாள் நீல மீன் இறந்தது. பதினோராம் நாள் இரவு, வைத்த இடம் பிடிக்காமல் நகர்ந்துகொண்டிருந்த கடல் சாமந்தி பம்பின் வாயில் சிக்கிக் கிழிந்தது. காலையில் நீர் அரிசி களைந்த தண்ணீர் போல் இருந்தது. அறை முழுவதும் நாற்றம். கோமாளி மீன்கள் இரண்டும் அடியில் கிடந்தன. விற்றவரிடம் போய்ச் சொன்னோம். 'முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான் சார், அடுத்த செட் போட்டுக்கலாம்' என்றார். அந்த வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவர் கணக்கில் அது ஒரு செட்.

*

முதலில் அளவைப் பற்றிய பொய்யை எடுத்துக்கொள்வோம். சிறியது எளியது என்பது நன்னீர்த் தொட்டிக்கே அரைகுறையாகத்தான் பொருந்தும். கடல்நீருக்குச் சற்றும் பொருந்தாது. கடலின் இயல்பே மாறாமல் இருப்பதுதான். திறந்த கடலில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நூற்றாண்டுக் கணக்கில் அதே அளவு. அங்கே வாழும் உயிர்கள் மாற்றத்தைத் தாங்கப் பழகியவை அல்ல, பழக வேண்டிய தேவையும் அவற்றுக்கு இருந்ததில்லை. எங்கள் தொட்டியில் பாறையும் மணலும் போக 45 லிட்டர் நீர் இருந்தது. கோடையில் விசிறிக் காற்றில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டும், உப்பு அப்படியே தங்கிவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்தால் 35 என்பது 36.6 ஆகியிருக்கும். 400 லிட்டர் தொட்டியில் அதே இரண்டு நாளில் நான்கு லிட்டர் போனாலும் 35.4ஐத் தாண்டாது. வெப்பமும் இப்படித்தான். 25 முதல் 27 பாகைக்குள் நிற்க வேண்டிய நீர், மே மாதப் பிற்பகலில் எங்கள் தொட்டியில் 33 காட்டியது. குளிரூட்டும் சில்லர் ஒன்றின் விலை தொட்டியின் விலையைவிட அதிகம் என்பதை விற்பவர்கள் முதலில் சொல்வதில்லை.

சின்னத் தொட்டி மலிவானது. எளிதானது அன்று. பழகியவர் கையில் கொடுக்க வேண்டியதைப் புதியவர் கையில் கொடுக்கிறார்கள்.

அடுத்தது உப்பு. கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடும் என்று நம்புவோர் படித்தவர்களிலும் உண்டு. எங்களில் ஒருவர் நம்பினார். உப்பளத்தை ஒருமுறை பார்த்தவருக்கு இந்தப் பிழை நேராது. கடல்நீர் பாத்திகளில் வற்ற வற்ற, சுண்ணமும் ஜிப்சமும் முதலில் படிந்து பிரிந்துவிடுகின்றன. பிறகு சோடியம் குளோரைடு படிகமாகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை கரைசலில் தங்கி, கழிவு நீராக வெளியேற்றப்படுகின்றன. கடலின் ஒவ்வொரு லிட்டரிலும் இருக்கும் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட கால்சியத்தையும் 1,300 மில்லிகிராம் அளவிலான மெக்னீசியத்தையும் கழித்துவிட்டு எஞ்சியதைத்தான் நாம் சமையலறையில் வைத்திருக்கிறோம். பவளம் தன் எலும்பைக் கட்டுவது அந்தக் கால்சியத்தைக் கொண்டுதான். ஆகவே கடல்தொட்டிக்கென்று செய்த உப்புக் கலவையே வேண்டும். கரைக்கும் நீரும் குழாய் நீராகவோ, சுவைக்காகத் தாது சேர்த்த கேன் நீராகவோ இருக்கலாகாது. ஆர்.ஓ. இயந்திரம் சுத்திகரித்த, எதுவும் திரும்பக் கலக்காத நீர் வேண்டும். உப்படர்த்தியைக் கண்ணால் அறிய முடியாது, நாவாலும் அறிய முடியாது. ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் சிறு குழாய் வடிவக் கருவி ஒன்றை, மீனுக்கு முன்பாகவே வாங்கிவிட வேண்டும்.

இவையெல்லாம் பணம் கொடுத்தால் கிடைப்பவை. கிடைக்காதது காலம். மூன்று நாள் என்னும் பொய் எங்கிருந்து பிறந்தது என்று யோசித்துப் பார்த்தோம். நீர் மூன்று நாளில் தெளிந்துவிடுகிறது, அவ்வளவுதான். தெளிந்த நீரை உயிருள்ள நீர் என்று நினைப்பது கண்ணின் குற்றம். மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாகின்றன. அதை நைட்ரைட்டாக மாற்ற ஒருவகை நுண்ணுயிரி வேண்டும். நைட்ரைட்டும் நஞ்சே. அதை அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாக்க இன்னொரு வகை வேண்டும். இவை பாறையிலும் மணலிலும் ஒட்டி வளர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தலையெடுக்க நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கின்றன. சில வேளைகளில் அதற்கும் மேல். கடல்நீரின் காரத்தன்மை இன்னொரு சங்கடம். அமிலமும் காரமும் சமமாக உள்ள நீரில் இருப்பதைவிட, 8.2 என்னும் கடல் அளவில் அம்மோனியாவின் நச்சு வடிவம் பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. எங்கள் நீல மீன் ஏழு நாள் அந்த நீரைச் சுவாசித்தது. 'ஸ்ட்ரெஸ்' என்று காரணம் சொன்னார்கள்.

*

இந்த இடத்தில் ஒரு மூதாட்டியை அறிமுகப்படுத்த வேண்டும். 1828ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் கரைப்பாறையில் இருந்து சர் ஜான் டாலியல் என்ற இயற்கையாளர் ஒரு கடல் சாமந்தியை எடுத்துவந்தார். ஒரு கண்ணாடிக் குடுவையில் வைத்தார். பம்பு கிடையாது, விளக்கு கிடையாது, வடிகட்டி கிடையாது. கடல்நீரைத் தவறாமல் மாற்றினார். அவ்வப்போது மட்டிச் சதை கொடுத்தார். 1851இல் அவர் இறந்தார், சாமந்தி இறக்கவில்லை. குடுவை அடுத்தவர் கைக்குப் போனது, அவரிடமிருந்து இன்னொருவருக்கு. 'பாட்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கில் குட்டி போட்டது. 1887இல் எடின்பரோவில் அது இறந்தபோது வீட்டுக்குள் வாழ்ந்த காலம் 59 ஆண்டுகள். பத்திரிகையில் இரங்கல் செய்தி வந்தது.

அலைமட்டப் பாறையில் வெயிலும் மழையும் பழகிய குளிர்நாட்டு இனம் அது, வெப்பமண்டலச் சாமந்தி அவ்வளவு முரட்டு உயிர் அன்று என்று மறுக்கலாம். மறுப்பு சரியானதே. ஆயினும் 59 ஆண்டுகளுக்கும் எங்கள் பதினொரு நாளுக்கும் இடையே உள்ள தொலைவை இனவேறுபாடு மட்டும் நிரப்பிவிடாது. அங்கே ஒரு குடுவைக்கு ஒரு மனிதர் இருந்தார். அவர் போனபின் பொறுப்பேற்க இன்னொருவர் இருந்தார். சின்னக் கலத்திலும் கடல் உயிர் வாழ முடியும், ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு அன்றாடம் கைவேலை செய்ய ஆள் இருந்தால். எங்கள் தொட்டியில் நான்கு உயிர்கள் இருந்தன, அவற்றுக்குக் கைவேலை செய்ய யாரும் இல்லை. பொறுப்பைப் பம்பிடம் விட்டுவிட்டு நாங்கள் நாவல் வாசித்துக்கொண்டிருந்தோம்.

பாட்டி வாழ்ந்த அதே காலத்தில் நடந்த இன்னொரு கதை நம்மைப் போன்றோருக்கு இன்னும் நெருக்கமானது. பிலிப் ஹென்றி காஸ் என்பவர் நல்ல உயிரியலாளர், அதைவிட நல்ல எழுத்தாளர். 1853இல் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறந்தது. மறு ஆண்டே காஸ் 'தி அக்வேரியம்' என்ற நூலை வெளியிட்டார். அவரே வரைந்த வண்ணப்படங்கள், மயக்கும் உரைநடை. இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கம் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்கு ரயிலேறியது. சில ஆண்டுகளில் மோகம் தணிந்து தொட்டிகள் பரண் ஏறின. அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதிய 'ஃபாதர் அண்ட் சன்' நம்மில் பலர் தந்தை–மகன் முரணுக்காகவும் மதநம்பிக்கைச் சிக்கலுக்காகவும் வாசித்த புத்தகம். அதில் ஒரு பகுதியை அனேகமாக எல்லோரும் கடந்து போயிருப்போம். தன் சிறுவயதில் கண்ட பாறைக்குளங்கள் எவ்வளவு நிறைந்திருந்தன, சேகரிப்பாளர்கள் வந்து துடைத்தெடுத்த பின் எவ்வளவு வெறுமையாயின என்று மகன் எழுதுகிறார். அந்த அழிவுக்குத் தன் புத்தகங்களே வழிவகுத்தன என்பதைத் தந்தை உணர்ந்து மனம் நொந்தார் என்றும் சொல்கிறார். கடலை நேசித்து, அழகாக எழுதி, அந்த எழுத்தாலேயே கரையை வெறுமையாக்கியவர் அவர். எழுதுகிறவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டிய பக்கங்கள் அவை.

*

எங்கள் தொட்டியின் 'பாறை'க்கு இப்போது வருகிறோம். நட்சத்திரக் குழிகள் கொண்ட அந்தத் துண்டுகள் பவளத்தின் எலும்புக்கூடு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், 2001இல் கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. உயிருள்ளது, இறந்தது, உடைந்த துண்டு என்ற பேதம் இல்லை. 'லைவ் ராக்' என்று ஆசையாகக் கேட்டு வாங்குவதில் பெரும்பங்கு இதுதான். கேட்டால் 'இது இம்போர்ட் சார்' என்பார்கள். காகிதம் கேட்டால் பேச்சு மாறும்.

'கடலே அவ்வளவு பெரிது, ஒரு துண்டு எடுத்தால் என்ன?' இதுவே நாங்கள் மறுக்க விரும்பும் முதன்மையான வாதம். இதைச் சொன்னவர்கள் எங்கள் நண்பர்கள், நல்லவர்கள். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் எனப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1986இல் அவற்றையும் சுற்றியுள்ள நீரையும் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அவற்றில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கடியில். சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைக்கும் கட்டடத்துக்கும் என்று பல பத்தாண்டுகள் முருகைக்கல்லை வெட்டி எடுத்ததன் விளைவு அது. அங்கும் எவரும் தீவை எடுத்துப் போகவில்லை, ஒவ்வொருவரும் ஒரு துண்டு எடுத்தார்கள். மிஞ்சியதை வெப்பம் தின்றுகொண்டிருக்கிறது. 2016இன் கோடை வெளிறலுக்குப் பின், மன்னார் வளைகுடாவில் உயிர்ப் பவளப் பரப்பு 38.9 சதவீதத்தில் இருந்து 22.7 சதவீதமாகச் சரிந்ததைத் தூத்துக்குடியைச் சேர்ந்த கடல் ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்தார்கள். 2024இல் உலகளாவிய நான்காம் வெளிறல் அறிவிக்கப்பட்டது. எங்கள் தொட்டியின் 33 பாகையைப் பற்றி நாங்கள் அலுத்துக்கொண்டோம் அல்லவா, அங்கே சில்லர் கிடையாது.

மீன்களின் கணக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கண்காணிப்பு மையம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, தொட்டிகளுக்கென்று ஆண்டுதோறும் 1,471 இனங்களைச் சேர்ந்த 2 கோடி முதல் 2.4 கோடி வரையிலான கடல்மீன்கள் விற்கப்படுவதாகக் கணக்கிட்டது. நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல்மீன்களிலோ பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பிலிப்பைன்ஸில் 1960களில் இந்த வணிகத்துக்காகவே தொடங்கியது. மயங்கிய மீன் கடைத்தொட்டியில் நன்றாகவே நீந்தும். வாங்கியவர் வீட்டில் சில வாரங்களில் காரணம் தெரியாமல் இறக்கும்.

எதிர்முனையில் இருப்பவர்களும் உண்டு. மீனைக் கண்ணாடிக்குள் அடைப்பதே பாவம், தொட்டியே வேண்டாம் என்பவர்கள். அவர்களோடு எங்களுக்கு இருப்பது பாதி உடன்பாடுதான். அவர்கள் வீட்டுச் சமையலறையில் வஞ்சிரம் வறுபடும் மணத்தை நாங்கள் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் கூண்டில் பிறந்து, கூண்டில் இரை தின்னப் பழகிய மீனைத் திறந்த கடலில் விடுவது கருணை ஆகாது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கிவிட்டன. அப்படிப் பிறந்த ஒரு சோடி, கடலில் இருந்து எதையும் குறைக்கவில்லை. மேலைநாடுகளில் தொட்டியில் வளர்ந்த பவளத்தையே துண்டாக்கித் தொட்டிக்குத் தொட்டி மாற்றிக்கொள்ளும் சங்கங்கள் இருப்பதையும் அறிவோம். அதிலும் கடலுக்கு நட்டமில்லை. அந்தத் தொடர் எங்கே தொடங்கியது என்று இங்கே எந்தக் கடையிலும் காட்ட முடியாது என்பதுதான் சிக்கல். காட்ட முடியாத வரை பவளம் வேண்டாம் என்கிறோம். பவளமில்லாத தொட்டியைப் பவளப்பாறைத் தொட்டி என்று எப்படி அழைப்பது என்றால், அழைக்க வேண்டாம். பவளத்தைப் பார்க்க வேண்டியவர்கள் மண்டபத்துக்கு ரயிலேறலாம். உளியை வீட்டில் வைத்துவிட்டு.

அந்த இரண்டடித் தொட்டியை நாங்கள் விற்கவில்லை. பெரிது வாங்கக் கையில் பணமும் இல்லை. சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து வார்த்த செயற்கைப் பாறை, உப்புக் கலவை, ஒரு சிறு பம்பு. மீன்காரம்மாவிடம் வாங்கிய ஒற்றை இறாலை உள்ளே போட்டு அழுகவிட்டோம். நுண்ணுயிரிகளுக்கு அதுவே முதல் உணவு. யார் எந்தக் கிழமை ஆவியான நீரை நிரப்புவது, யார் அளப்பது என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது. இரண்டாம் வாரம் அம்மோனியா ஏறி இறங்கியது. நான்காம் வாரம் நைட்ரைட் ஏறியது. இடையில் பாறைமேல் பழுப்பாக ஒரு படலம் படர, வாசிக்க வந்தவர்கள் தொட்டி கெட்டுவிட்டது என்று துக்கம் விசாரித்தார்கள். அது டயாட்டம், கண்ணாடி ஓடு கட்டி வாழும் நுண்பாசி என்று உருப்பெருக்கியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். பார்த்துவிட்டு, 'சரி, மீன் எங்கே?' என்றார்கள்.

இது ஏழாம் வாரம். நேற்று எடுத்த அளவில் அம்மோனியாவும் சுழியம், நைட்ரைட்டும் சுழியம். இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று மூவர் சொல்கிறோம். ஒருவர் மட்டும் மண்டபத்துக்குத் தொலைபேசி எண் தேடிக்கொண்டிருக்கிறார்.